எட்டாண்டு ஞாபகம்

லட்சுமி விலாஸ் வங்கி என்ற பெயர் 2020 நவம்பர் 27ஆம் தேதியோடு முடிந்துபோனது. அதற்குப் பத்து நாள் முன்னால், 17ஆம் தேதி மாலை, ஒருவர் தன் கணக்கிலிருந்து 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று அரசு தடை போட்டிருந்தது. சிங்கப்பூர் டிபிஎஸ் குழுமத்தின் இந்திய வங்கியோடு இணைத்த கையோடு தடையும் விலகியது. அந்த இணைப்புத் திட்டத்தைப் புரட்டிப் பார்த்தால் பெரிதாக எதுவும் தொலைந்ததாகத் தெரியாது. 20 லட்சம் பேர் போட்டுவைத்த பணம் பத்திரமாக இருந்தது. சுமார் 4,000 ஊழியர்களும் அதே சம்பளத்தில், அதே நிபந்தனைகளில் தொடரலாம் என்றிருந்தது. 563 கிளைகளும் கைமாறின. பங்குதாரர்கள் மட்டும் போட்ட முதலை அடியோடு இழந்தார்கள். அவர்களுக்காகப் பேசவும் வழக்குப் போடவும் ஆட்கள் இருந்தார்கள். எனக்கு அந்த வங்கியில் பங்கும் கிடையாது, கணக்கும் கிடையாது. ஆனாலும் ஏதோ ஒன்று இன்றுவரை உறுத்திக்கொண்டிருக்கிறது. அந்தத் திட்டத்தில் எழுதியிருந்தவை எல்லாம் காப்பாற்றப்பட்டன, சரி. எழுதப்படாத ஏதோ ஒன்று இருந்ததா, இருந்தால் அது யார் கையில் இருந்தது, இப்போது எங்கே போனது? பணத்தோடு சம்பந்தப்பட்ட இடத்தில் இப்படியொரு கேள்வி கேட்பதே கொஞ்சம் அசட்டுத்தனமாகத்தான் படுகிறது. வங்கியில் எழுதப்படாதது எதுவும் இல்லை என்பதுதானே வங்கிக்குப் பெருமை?

1926இல் கரூரில் வி.எஸ்.என். இராமலிங்கம் செட்டியாரும் அவரோடு சேர்ந்த ஆறு வணிகர்களும் தொடங்கிய வங்கி அது. அதற்குப் பத்தாண்டு முன்பே, 1916இல், அதே ஊரில் கரூர் வைசியா வங்கி தொடங்கியிருந்தது. அமராவதிக் கரையில் தறியும் வண்டிப்பேட்டையுமாக இருந்த ஒரு நடுத்தர ஊர், பத்தாண்டு இடைவெளியில் இரண்டு வங்கிகளைப் பெற்றெடுத்ததை இன்று நினைத்தால் வியப்பாக இருக்கிறது. ஆறு ஆண்டு தாக்குப்பிடித்திருந்தால் லட்சுமி விலாஸும் நூற்றாண்டு மலர் போட்டிருக்கும். அந்த மலரைப் படிக்காமலே என்னால் சொல்லிவிட முடியும். ஆளுநரும் அமைச்சரும் தந்த வாழ்த்துரைகள், நிறுவனரின் எண்ணெய் ஓவியம், பத்தாண்டுக்கு ஒருமுறை நிமிர்ந்து நிற்கும் டெபாசிட் வரைபடம், 1958இல் ரிசர்வ் வங்கியின் உரிமம் கிடைத்தது, 1960களின் முற்பகுதியில் ஒன்பது சிறு வங்கிகளைத் தன்னோடு சேர்த்துக்கொண்டது. கடைசியாகச் சொன்னது மலரில் வளர்ச்சி என்ற தலைப்பின் கீழ் வந்திருக்கும். அந்த ஒன்பதுக்கும் ஒரு பெயர்ப்பலகை இருந்திருக்கும், சாவிக்கொத்தோடு ஒரு கேஷியர் இருந்திருப்பார், அந்தப் பெயரைச் சொல்லியே வழி காட்டிய தெருக்கள் இருந்திருக்கும். 2020இல் விழுங்கப்பட்டதும் ஒருகாலத்தில் விழுங்கியதுதான். தஞ்சாவூர் வங்கி 1990இல் இந்தியன் வங்கிக்குள் போனது. அதே ஆண்டில் தமிழ்நாடு வங்கி இந்தியன் ஓவர்சீஸ் வங்கிக்குள். கருமுத்து தியாகராசச் செட்டியார் 1943இல் தொடங்கிய மதுரை வங்கி 2001இல் ஐசிஐசிஐயில் கரைந்தது. இந்தப் பட்டியலைப் போடும்போதே என் வருத்தத்தின் மீது எனக்குச் சந்தேகம் வந்துவிடுகிறது. ஒன்பது வங்கிக்கு வராத துக்கம் பத்தாவதற்கு மட்டும் ஏன் வர வேண்டும்?

ஆகவே வங்கியை விட்டுவிட்டுக் கிளையைப் பிடித்துக்கொள்கிறேன். தலைமை அலுவலகத்துக்கு வரலாறு உண்டு. அதற்குக் குறிப்பேடும் தீர்மானமும் ஆண்டறிக்கையும் இருக்கின்றன. கிளைக்கு என்ன இருக்கிறது? கிளையில் எழுதப்படுவதெல்லாம் அழிவதற்கென்றே எழுதப்படுகிறது. வங்கிகள் எந்தப் பதிவேட்டை எத்தனை காலம் வைத்திருக்க வேண்டும் என்பதற்கு 1985இல் விதிகள் வந்தன. சிலவற்றுக்கு ஐந்து ஆண்டு, சிலவற்றுக்கு எட்டு ஆண்டு. சட்டம் எட்டு ஆண்டுக்கு மேல் ஞாபகத்தைக் கட்டாயப்படுத்தவில்லை. பழைய ரிக்கார்டு அறையில் அடுக்கியிருந்த லெட்ஜர்களும் துணிக்கட்டில் முடிந்த வவுச்சர்களும் முறை வந்ததும் எடைக்குப் போய்க் கூழாகும். மனிதர்களுக்கும் கிட்டத்தட்ட அதே விதிதான். மேலாளர் மூன்றாண்டில் மாற்றலாகிப் போவார். ஊரோடு ஒட்டிவிடக் கூடாது என்பதே அந்த மாற்றலின் நோக்கம். மூன்றாவதாக ஒரு பூட்டு இருக்கிறது. வேலைக்குச் சேரும் அன்றே ஒவ்வொருவரும் விசுவாசத்துக்கும் ரகசியக் காப்புக்கும் உறுதிமொழிப் பத்திரத்தில் கையெழுத்துப் போடுகிறார்கள். வாடிக்கையாளரின் விவரம் எதையும் வெளியே சொல்ல மாட்டேன் என்ற அந்த வாக்கு, பணி ஓய்வோடு மனசாட்சியிலிருந்து நீங்கிவிடுவதில்லை. காகிதம் கூழாகிறது, அதிகாரி ஊர் மாறுகிறார், தெரிந்தவர் வாய் திறக்கக் கூடாது. மறப்பதற்கு இவ்வளவு நேர்த்தியாக ஏற்பாடு செய்துகொண்ட இன்னொரு அலுவலகம் கடைத்தெருவில் இருக்காது. தாலுகா அலுவலகம்கூட நூறு வருஷத்து அ-பதிவேட்டைச் சிலந்திக்கூட்டோடு வைத்திருக்கிறது.

இந்த ஏற்பாட்டுக்குள் ஓட்டை போட்டவர்கள் நெடுநாள் ஊழியர்கள். பிரமோஷன் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டு அதே கவுன்டரில் கிளார்க்காகவே ஓய்வு பெற்றவர்கள் எங்கள் பக்கத்து ஊர்களில் கிளைக்கு ஒருவராவது உண்டு. அதிகாரியானால் வடக்கே எங்காவது தூக்கிப் போடுவார்கள். வீட்டில் படுக்கையில் கிடக்கும் தகப்பனார், பள்ளிக்கூடத்தில் வேலை பார்க்கும் மனைவி, கிணற்றோடு மூன்று ஏக்கர். ஆகவே இருக்கிற நாற்காலியே போதும். தலைமை அலுவலகம் இதை ஊக்கமின்மை என்று குறித்துக்கொள்ளும். மேலாளர்கள் வருவதும் போவதுமாக இருக்க, புதிதாக வந்த மேலாளர் முதல் வாரத்தில் ரகசியமாகக் கூப்பிட்டுக் கேட்பது இவரைத்தான். "இந்தப் பார்ட்டி எப்படிங்க?" என்பார். பதில் பெரும்பாலும் ஒரு தலையசைப்பாக இருக்கும். இவருக்கும் கீழே, மணியடித்ததும் லெட்ஜரைத் தூக்கிக்கொண்டு மேஜைக்கு மேஜை நடந்த தப்தரி. அவருக்கு ஒவ்வொரு வருஷத்து வவுச்சர் கட்டும் எந்தப் பரணில் எந்த மூலையில் இருக்கிறது என்பது தெரியும். 2000–01இல் பொதுத்துறை வங்கிகள் விருப்ப ஓய்வுத் திட்டம் கொண்டுவந்தன. 15 ஆண்டு பணி முடித்தவர்கள் அல்லது 40 வயதைக் கடந்தவர்கள் விண்ணப்பிக்கலாம். பணியாற்றிய ஒவ்வோர் ஆண்டுக்கும் 60 நாள் சம்பளம், அல்லது மீதமுள்ள பணிக்காலச் சம்பளம், இரண்டில் எது குறைவோ அது. ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் போனார்கள். நீண்ட பணிக்கு இந்த நாட்டு வங்கிகள் அதிகாரபூர்வமாக விலை குறித்தது அப்போதுதான். அதைக் குறித்ததும் அவர்களை அனுப்பிவைப்பதற்காகத்தான்.

கிளையில் மிக நீண்ட காலம் உட்கார்ந்திருப்பவர் பல ஊர்களில் ஊழியரே இல்லை. நகைக் கடன் மேஜைக்குப் பக்கத்தில், சுவரோரம், சின்ன மேஜை போட்டு உட்கார்ந்திருப்பாரே நகை மதிப்பீட்டாளர், அவரைச் சொல்கிறேன். எல்லோரும் அப்ரைசர் என்பார்கள், ஊர்க்காரர்கள் ஆசாரி என்பார்கள். அவருக்குச் சம்பளம் கிடையாது. கடனுக்கு இவ்வளவு என்று கமிஷன். ஆகவே மாற்றலும் கிடையாது. கறுத்த உரைகல்லில் வளையலின் ஓரத்தை இழுத்துக் கோடு போட்டு, பக்கத்தில் மாற்றுத் தெரிந்த தங்கத்தால் இன்னொரு கோடு இழுத்து, கண்ணாடிக் குச்சியால் அமிலத்தைத் தொட்டு வைத்துவிட்டு, கோடு கரைகிறதா நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். பிறகு நகையை உள்ளங்கையில் ஒருதரம் தூக்கிப் பார்ப்பார். தராசு இருந்தாலும் அதைச் செய்யாமல் விடமாட்டார். கல் வைத்த நெக்லஸ் என்றால் கல்லுக்குக் கழிக்க வேண்டும், அரக்கு அடைத்த குண்டு என்றால் அரக்குக்குக் கழிக்க வேண்டும். அதைச் சொல்லும்போது எதிரே நிற்கும் பெண்ணின் முகத்தைப் பார்க்க மாட்டார், தராசைப் பார்த்தே சொல்வார். ஒரே அட்டிகை இருபது வருஷத்தில் எத்தனை முறை உள்ளே வந்தது, எந்த ஆடியில் வந்தது, எந்தத் தையில் திருப்பப்பட்டது, எந்த முறை திரும்பாமல் ஏலத்துக்குப் போனது என்பது அவருக்குத் தெரியும். ஊரின் மழை, விதைப்பு, காதுகுத்து, கல்லூரிக் கட்டணம் எல்லாம் அவர் உரைகல்லில் கோடாக விழுந்து அழிந்திருக்கின்றன. ஆண்டு விழாக் குழுப்படத்தில் மேலாளர் நடுநாற்காலியில் இருக்க, இவர் ஓரத்தில் நிற்பார். பல படங்களில் நிற்கவும் மாட்டார்.

வேலையைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் இவர்களின் வாழ்நாளை எடுத்துக்கொண்டது அதுதான். செக்கைக் கொடுத்தால் பித்தளை டோக்கன் தருவார்கள். செக் லெட்ஜர் கிளார்க்கிடம் போகும். அவர் ஃபோலியோவைப் புரட்டிப் பற்று எழுதுவார். அதிகாரி கையெழுத்தை மாதிரிக் கையெழுத்து அட்டையோடு ஒப்பிட்டுப் பாஸ் செய்வார். அதன் பிறகு கம்பிக் கூண்டுக்குள்ளிருந்து கேஷியர் டோக்கன் எண்ணைக் கூப்பிடுவார். நோட்டுக் கட்டில் கனத்த ஸ்டேப்பிள் பின் குத்தியிருக்கும். அதை நெம்பி எடுத்து எடுத்தே பழைய கேஷியர்களின் கட்டைவிரல் நகம் சிதைந்திருக்கும். கட்டுகளில் பின் அடிக்கக் கூடாது என்று 2001 நவம்பரில்தான் ரிசர்வ் வங்கி உத்தரவு போட்டது. வாடிக்கையாளர் போன பிறகு, கதவைப் பாதி இழுத்துவிட்டு, உள்ளே இன்னொரு வேலை தொடங்கும். அதன் பெயர் பேலன்சிங். லெட்ஜர்களின் கூட்டுத்தொகையும் பொதுப்பேரேட்டின் தொகையும் ஒத்துவர வேண்டும். ஒத்துவராது. கணக்கு உதைக்கும். உதைக்கும் தொகையை வைத்தே தவறு எங்கே ஒளிந்திருக்கிறது என்று மோப்பம் பிடிக்கும் வித்தை ஒன்று இருந்தது. வித்தியாசம் ஒன்பதால் மீதமின்றி வகுபட்டால் பெரும்பாலும் இலக்கங்கள் இடம் மாறியிருக்கும்: 7,645 என்பதை யாரோ 7,465 என்று எழுதியிருப்பார்கள், வித்தியாசம் 180, ஒன்பதால் வகுத்தால் இருபது. அப்படி வகுபடாத இரட்டைப்படைத் தொகை என்றால் பாதியைத் தேட வேண்டும். பற்றில் எழுத வேண்டியது வரவில் ஏறியிருக்கும். பத்து பைசா வித்தியாசத்துக்காக ஐந்து பேர் இரவு உணவுக்கு வீட்டுக்குப் போகாமல் உட்கார்ந்திருந்த கதையை எந்த ஓய்வுபெற்ற வங்கிக்காரரிடமும் கேட்கலாம். அந்தப் பத்து பைசாவைத் தன் பையிலிருந்து போட்டுவிட்டால் தீராதா என்று கேட்டால் அவர்களுக்குக் கோபம் வரும். போட்டால் தவறு அங்கேயே இருக்கும், பணம் மட்டும் சரியாகும்.

சேமிப்புக் கணக்கின் வட்டியையும் இப்படிக் கையால்தான் போட்டார்கள். அன்றாட இருப்புக்கு வட்டி கணக்கிட்டுக் கட்டுப்படியாகாது என்பதால், மாதத்தின் பத்தாம் தேதிக்கும் கடைசித் தேதிக்கும் நடுவில் எது மிகக் குறைந்த இருப்போ அதற்கு மட்டும் வட்டி. பதினொன்றாம் தேதி போட்ட பணம் அந்த மாதம் முழுக்கச் சும்மா கிடக்கும். இருபத்தொன்பதாம் தேதி எடுத்தால் அந்த மாதத்து வட்டி போச்சு. இந்த விதி 2010 ஏப்ரல் 1 வரை இருந்தது, அதன் பிறகுதான் தினசரி இருப்புக்கு வட்டி வந்தது. எனக்குத் தெரிந்த ஒரு கிளையில் கவுன்டரிலிருந்தவர் மாதத்தின் முதல் வாரத்தில் தெருவில் பார்த்தாலும் சொல்வார்: "பத்தாந்தேதிக்குள்ள கொண்டாந்து போட்டுருங்க டீச்சர். தாண்டுச்சுன்னா ஒரு மாச வட்டி வீணாப் போயிரும்." மாதக் கடைசியில் பணம் எடுக்க வந்தவரிடம், "நாளன்னைக்கு ஒண்ணாந்தேதிங்க, அவசரமில்லீன்னா பொறுத்து எடுங்க" என்பார். வங்கிக்கு அது நஷ்டம்தான், சில ரூபாய்கள். அவர் யார் பக்கம் வேலை பார்த்தார் என்று இப்போது யோசித்தால் எளிதான பதில் கிடைப்பதில்லை. தினசரி வட்டி வந்ததால் அந்த டீச்சருக்கு லாபம், அதை மறுக்க முடியாது. யாரும் நினைவுபடுத்தத் தேவையில்லாத ஒழுங்கு எப்போதும் மேலானதுதான் என்று புத்தி சொல்கிறது. நினைவுபடுத்தியவர் மட்டும் அதில் தேவையற்றவராகிவிட்டார்.

இங்கேதான் நான் என்னை நிறுத்திக்கொள்ள வேண்டியிருக்கிறது. தெரிந்த முகம் கவுன்டரில் இருப்பதை இவ்வளவு தித்திப்பாக எழுதுவதற்கு எனக்கு வசதி இருந்தது. கவுன்டருக்கு உள்ளே இருப்பவருக்கு என் தகப்பனார் பெயர் தெரிந்திருந்தது எனக்கு உதவியது; இன்னொருவருக்கு அதே அறிமுகம் கதவைச் சாத்தியிருக்கும். உள்ளூர் வங்கி என்றால் உள்ளூர்ப் படிநிலையும் சேர்ந்ததுதான். தூத்துக்குடியில் 1921இல் நாடார் வங்கி என்ற பெயரோடு ஒன்று தொடங்க வேண்டியிருந்தது. 1962இல்தான் அது தமிழ்நாடு மெர்க்கன்டைல் ஆனது. தங்களுக்கென்று ஒரு வங்கி வேண்டும் என்று ஒரு சமூகம் நினைத்தால், மற்றவர்களின் கவுன்டர்களில் அதற்கு என்ன மரியாதை கிடைத்தது என்பதும் அதில் இருக்கிறது. 1969 ஜூலை 19இல் 14 வங்கிகளை அரசுடைமையாக்கியபோது நாடு முழுக்க இருந்த கிளைகள் 8,262. 1990 வாக்கில் அவை ஏறக்குறைய 60,000 ஆயின. ஏற்கனவே வங்கி இருக்கும் ஊரில் ஒரு கிளை திறக்க வேண்டுமானால் வங்கியே இல்லாத ஊர்களில் நான்கு திறந்தாக வேண்டும் என்று 1977இல் நிபந்தனை போட்டார்கள். இடஒதுக்கீட்டில் தேர்வெழுதி வந்த ஊழியர், ஊரில் யாரென்று யாருக்கும் தெரியாதவர், அந்தப் புதுக் கிளைகளின் நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் யாருடைய தகப்பனாரையும் அறியாதவராக இருந்தது எத்தனை பேருக்கு விடுதலை! நகையை அடகு வைக்க உள்ளூர்க் கிளைக்குப் போகாமல் இரண்டு பஸ் மாறி அடுத்த ஊர்க் கிளைக்குப் போகும் பெண்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். தெரிந்த கண் அவர்களுக்கு வேண்டாம். ஏ.டி.எம். வந்தபோது கிராமத்துப் பெண்கள் தடுமாறுவார்கள் என்று நாங்கள் சொல்லிக்கொண்டிருந்தோம். இயந்திரம் 'எதுக்கும்மா பணம்' என்று கேட்காது என்பதை அவர்கள் சீக்கிரமே புரிந்துகொண்டார்கள்.

மனிதர்களை நம்பாமலிருப்பதற்காகவே வங்கி என்ற ஏற்பாடு உண்டானது என்றும் சொல்லலாம். சென்னையில் அர்பத்நாட் கம்பெனி 1906 அக்டோபரில் கவிழ்ந்தது. ஒரு குடும்பப் பெயரின் மீதிருந்த மரியாதையை நம்பிப் பணம் போட்ட ஆயிரக்கணக்கானவர்கள் தெருவில் நின்றார்கள், ஜார்ஜ் அர்பத்நாட் 18 மாதக் கடுங்காவலுக்குப் போனார். அதிலிருந்து பாடம் கற்றுத்தான் வழக்கறிஞர் வி. கிருஷ்ணசாமி ஐயரும் மற்றவர்களும் முயன்று 1907 ஆகஸ்ட் 15இல் இந்தியன் வங்கியைத் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு வந்த வங்கி நடைமுறைகள் அனைத்தும், உள்ளே இருப்பவன் திருடலாம் என்ற அனுமானத்தின் மேல் எழுப்பப்பட்டவை. பாதுகாப்பு அறையின் கதவுக்கு இரண்டு சாவி. ஒன்று கேஷியரிடம், ஒன்று அதிகாரியிடம். ஒருவர் மட்டும் போனால் திறக்காது. ஒருவர் எழுதியதை இன்னொருவர் சரிபார்க்க வேண்டும். திடீரென்று ஒருநாள் இன்ஸ்பெக்டர் வந்து நோட்டுக்கட்டை எண்ணுவார். முக்கியப் பொறுப்பில் இருப்பவர்களை ஆண்டுக்கு ஒருமுறை, முன்கூட்டிச் சொல்லாமல், தொடர்ச்சியாகப் பத்து வேலைநாளுக்குக் குறையாமல் விடுப்பில் அனுப்ப வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2021 சுற்றறிக்கை சொல்கிறது. ஆள் இல்லாத நாள்களில்தான் மறைத்துவைத்தது வெளியே வரும். முப்பது வருஷம் இப்படிச் சந்தேகத்தின் நடுவே வேலை பார்த்த மனிதரைத்தான் ஊர் நம்பியது என்பது விசித்திரம். அல்லது விசித்திரம் இல்லையோ என்னவோ. தினமும் மாலையில் எண்ணிப் பார்க்கப்படும் மனிதரை நம்புவது மற்றவர்களை நம்புவதைவிடச் சுலபம். அவருடைய நேர்மையில் எவ்வளவு அவருடையது, எவ்வளவு இரண்டாவது சாவியுடையது என்று பிரித்துச் சொல்ல எந்தத் தணிக்கையாளராலும் முடியாது. அவராலும் முடியாது என்றே நினைக்கிறேன்.

ஆனால் இந்தச் சந்தேக இயந்திரம் ஓரிடத்தில் வந்து முட்டி நிற்கிறது. பக்கவாதம் வந்து கை விளங்காமல் போன பென்ஷன்காரர் தன் பணத்தை எடுக்க வேண்டும். கையெழுத்து வராது. அப்போது கைப் பெருவிரல் ரேகை; அதுவும் முடியாவிட்டால் கால் பெருவிரல் ரேகை வைக்கலாம் என்கிறது ரிசர்வ் வங்கி. அந்த ரேகையை இரண்டு சாட்சிகள் அடையாளம் காட்ட வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்புள்ள அதிகாரியாக இருக்க வேண்டும். 'இது அவர்தான்' என்று ஒரு மனிதர் சொல்லியாக வேண்டும். மூன்றாண்டில் மாற்றலாகிப் போகும் அதிகாரி, பிப்ரவரியில் வந்து சேர்ந்தவர், கட்டிலில் கிடக்கும் கிழவரை எப்படி அடையாளம் காட்டுவார்? அவர் பின்னால் நிற்கும் தப்தரியைத் திரும்பிப் பார்ப்பார். தப்தரி, "ஐயாதானுங்க" என்பார். விதிப்புத்தகத்தில் தப்தரிக்கு இடமில்லை, கையெழுத்து அதிகாரியுடையது, ஆனால் அடையாளம் தப்தரியினுடையது. 2014 நவம்பரில் வந்த ஜீவன் பிரமாண் வழியாக இப்போது உயிரோடிருப்பதை இயந்திரத்தில் விரல் வைத்து நிரூபிக்கலாம். தேய்ந்த ரேகைகளை அது பல நேரம் ஏற்பதில்லை. அதே 2014இல், பத்தாண்டாக யாரும் தொடாத டெபாசிட்டுகளை ரிசர்வ் வங்கியின் ஒரு நிதிக்கு மாற்றும் திட்டம் வந்தது. அப்படிப் போன பணத்தைப் பெயர் கொடுத்துத் தேட 2023இல் உத்கம் என்ற தளம் திறந்தார்கள். எங்கள் பக்கத்தில் பழனிச்சாமி என்று தேடினால் என்ன கிடைக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எந்தப் பழனிச்சாமி, தறிக்காரரா எண்ணெய்ச் செக்குக்காரரா, அவருடைய பெண் எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டாள் என்பது ஒரு காலத்தில் ஒருவர் தலைக்குள் இருந்தது. அந்தத் தலை எந்த சர்வருக்கும் மாற்றப்படவில்லை.

சரி, அவர்களிடமே போய்க் கேட்டு எழுதிவிடலாமே என்று தோன்றும். அங்கே உறுதிமொழி குறுக்கே நிற்கிறது, நிற்கத்தான் வேண்டும். யார் வீட்டுத் தாலிக்கொடி எந்த வருஷம் உள்ளே போனது என்று ஒரு முன்னாள் கேஷியர் திண்ணையில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினால், நான் ஏங்குகிற அந்த நம்பிக்கைக்கு அதுவரை ஒரு பொருளும் இருக்கவில்லை என்றாகிவிடும். கல்யாண வீட்டுப் பந்தியில் எதிரெதிரே உட்கார்ந்து, ஒருவர் கடன் தவணை நின்றுபோனதை இன்னொருவர் அறிந்திருந்தும், ரசம் நன்றாக இருக்கிறது என்று மட்டும் பேசிக்கொண்ட மௌனம் அது. நன்றாகக் காக்கப்பட்டதால்தான் அதற்கு வரலாறு இல்லை. மோசமாகக் காக்கப்பட்டிருந்தால் வம்பாகவாவது மிஞ்சியிருக்கும். அதே மௌனத்துக்கு அடியில் சலுகையும், தெரிந்தவருக்குத் தள்ளிக்கொடுத்த கடனும், கண்டும் காணாமல் விட்ட கையெழுத்தும் கிடந்திருக்கும் என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. இரண்டையும் பிரித்து எடுக்க வழியில்லை; ஒரே உறுதிமொழிதான் இரண்டையும் மூடியிருக்கிறது.

ஆகவே கிளையின் வரலாறு என்று நான் தேடியது எழுதக் கூடாத ஒன்று என்றே இப்போது படுகிறது. எழுதக் கூடியதாக மிஞ்சுவது வேலை மட்டும். எந்த உறுதிமொழியும் தடுக்காத கேள்விகள் நிறைய இருக்கின்றன. ஜூன் 30இலும் டிசம்பர் 31இலும் அரையாண்டுக் கணக்கு முடித்த இரவுகளில் சாப்பாடு எங்கிருந்து வந்தது? கூட்டலை மேலிருந்து கீழே போடுவீர்களா, கீழிருந்து மேலேயா? இரண்டாவது சாவிக்காரர் காய்ச்சலில் படுத்த அன்று என்ன செய்தீர்கள்? முதல் கணினி வந்தபோது லெட்ஜரை எத்தனை மாதம் கூடவே கையாலும் எழுதினீர்கள்? 2016 நவம்பர் 8க்குப் பிறகு, 500 ரூபாயும் 1,000 ரூபாயும் செல்லாமல் போன அந்த வாரங்களில், விரல் எத்தனை நாள் மரத்துக் கிடந்தது? லட்சுமி விலாஸின் பெயர்ப்பலகை இறங்கிய பிறகு ஃபோனை எடுத்ததும் முதலில் எந்தப் பெயர் வாயில் வந்தது? கையால் பேலன்சிங் செய்த தலைமுறை அநேகமாக முழுவதும் ஓய்வு பெற்றுவிட்டது. மூத்தவர்கள் எண்பதைத் தாண்டிவிட்டார்கள். இதைக் கேட்டு எழுத எட்டாண்டு அவகாசம்கூட இல்லை. எழுதினால் அதில் ஊர் இருக்காது, தாலிக்கொடி இருக்காது, என் தகப்பனார் பெயரும் இருக்காது. வாடிக்கையாளர் அதில் டோக்கன் எண்ணாக மட்டுமே வந்துபோவார். அப்படி வந்துபோவதில் எனக்கு ஒரு குறையும் இல்லை.